சிவப்பு மையில் எழுதிய பி.எம்.ஐ.: ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்தை ஒட்டிய ஒரு கிராமம். பையனுக்கு 9 வயது 4 மாதம், தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் அம்மா, தாத்தா, அப்பாயி. அடுத்த வீட்டில் பெரியப்பா குடும்பம். பள்ளியில் எடுத்த உடல்நலப் பரிசோதனையின் கார்டோடு வந்தார்கள். ‘எடை 37, உயரம் 122, பி.எம்.ஐ. 24.9, உடல் பருமன். பெற்றோர் கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்தான் பி.எம்.ஐ. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பையனைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை, தன்னைப் பற்றித்தான் தொடங்கினார். “சோத்தைக் குறைச்சிட்டேன் டாக்டரம்மா. நாலு மாசமா ராத்திரிக்குச் சப்பாத்திதான். பிஸ்கட் டப்பாவைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டேன். அப்படியும் ஏறிக்கிட்டேதான் இருக்கான்.” பக்கத்தில் அப்பாயி இருந்தார். “செல்லைக் கையில குடுத்துட்டா பிள்ளை எங்க ஓடி ஆடும்?” என்று பொதுவாகச் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார், ஆனால் யாருக்கு என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் நிலைமை வேறு. அப்போது இவன் ஒல்லிப் பிள்ளை. பனிக்காலம் வந்தால் இளைப்பு, இருமல். பிறகு கன்னம் உப்பி, வயிறு பூசத் தொடங்கியதும் ஊரே பாராட்டியிருக்கிறது. ‘பிள்ளை தேறிட்டான்’, ‘சிங்கப்பூர்க் காசு உடம்புல தெரியுது’. அடுத்த வருடம் அதே வாய்கள் மாறின. சட்டை, கால்சட்டை எல்லாம் இடுப்பில் பிடித்தன. பள்ளியில் ‘குண்டு’ என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டு ஆசிரியர் மற்றவர்களைவிட இரண்டு சுற்று கூடுதலாக ஓடச் சொன்னார். அப்பா வீடியோ காலில் பையனைப் பார்த்துவிட்டு, “நான் அனுப்புற காசுக்குப் பாக்கெட் பாக்கெட்டா வாங்கிப் போடுறியா?” என்று கேட்டிருக்கிறார். கார்டில் இருந்த ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான்: அம்மா.

அளவுகள்

பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஷூவும் பெல்ட்டும் போட்டபடியே எடை பார்த்திருக்கிறார்கள். உயரத்துக்குச் சுவரில் ஒட்டிய டேப். டேப்பின் சுழி தரையில் தொடங்குகிறதா, சுவரடிப் பட்டைக்கு மேலே தொடங்குகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் வெறுங்காலோடு நிற்கவைத்து எடுத்ததில் எடை 36 கிலோ, உயரம் 124 செ.மீ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 23.4. ஒரு கிலோவும் இரண்டு சென்டிமீட்டரும் மாறியதற்கே எண் ஒன்றரை இறங்கிவிட்டது.

ஆனாலும் பள்ளிக்காரர்கள் சொன்னது அடிப்படையில் தவறில்லை. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு 2007இல் வெளியிட்ட அட்டவணைப்படி, நடுக்கோட்டிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கு (விலகலை அளக்கும் புள்ளியியல் அலகு) மேலே போனால் பருமன். இந்த வயதுப் பையனுக்கு அந்தக் கோடு 20-ஐக் கொஞ்சம் தாண்டி வருகிறது, 23.4 அதற்கு வெகு மேலே. ஒரு வேடிக்கையும் உண்டு. பெரியவர்களுக்கான 25 என்ற கோட்டை வைத்து யாராவது பார்த்திருந்தால், பள்ளி போட்ட 24.9-லேயே இவன் ‘நார்மல்’ ஆகியிருப்பான். மொபைல் செயலிகளில் அப்படிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாய்பாட்டை 1830களில் உருவாக்கிய அடால்ஃப் கெட்லே பெல்ஜியத்துக்காரர். வானியலும் புள்ளியியலும் அவர் துறைகள், மருத்துவர் அல்ல. ஒரு மக்கள்கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதுதான் அவர் கேள்வி. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் இதை எடுத்து ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயரிட்டபோது அவர் ஆராய்ந்தது 5 நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கு மேற்பட்ட ஆண்களை. எல்லோரும் வளர்ந்த ஆண்கள். குழந்தைகளுக்குப் பிறகு வயதுவாரியாகக் கோடுகள் போட்டுக்கொண்டோம். கூட்டத்தைச் சலித்தெடுக்க அவை நல்ல கருவிதான். சலித்தெடுத்த பிள்ளைக்கு ஏன் இப்படி ஆனது என்று அவற்றுக்குத் தெரியாது. இந்தக் கார்டில் நடந்ததோ, எண்ணுக்கு அடுத்த வரியிலேயே காரணத்தையும் எழுதிவிட்டார்கள்.

நின்றுபோன உயரம்

தடுப்பூசிப் புத்தகம், பழைய பள்ளி கார்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். 5 வயதில் 109 செ.மீ., 18 கிலோ. 7 வயது 4 மாதத்தில், இரண்டாம் வகுப்பு கார்டின்படி, 121 செ.மீ., 23 கிலோ. மூன்றாம் வகுப்பு கார்டு கிடைக்கவில்லை. அப்புறம் இப்போது 124.

பருவம் எட்டாத பிள்ளை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். இவன் இரண்டு ஆண்டில் 3 செ.மீ. வளர்ந்திருக்கிறான். எடையோ அதே காலத்தில் 13 கிலோ கூடியிருக்கிறது. 124 செ.மீ. என்பதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அட்டவணையில் ‘கொஞ்சம் குட்டை, ஆனால் இயல்பு’ என்றே வரும்; அதனால்தான் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முன்பு நடுக்கோட்டை ஒட்டி வளர்ந்துகொண்டிருந்தவன் இவன் என்பது பழைய கார்டுகள் இல்லாமல் தெரியாது.

இங்கே ஒரு கணக்கு. இவன் வழக்கம்போல வளர்ந்து இன்று 133 செ.மீ. இருந்திருந்தால், இதே 36 கிலோவுக்கு பி.எம்.ஐ. 20.4தான். பருமன் கோட்டுக்குக் கீழேயே நின்றிருப்பான். ஆக, சிவப்பு மையில் எழுதப்பட்ட எண்ணில் ஒரு பெரிய பங்கு ஏறிய எடையினால் வந்ததல்ல, ஏறாத உயரத்தினால் வந்தது. வகுக்கும் எண் நின்றுபோனாலும் விடை பெரிதாகும். ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிட்டால் இந்த இரண்டில் எது நடந்தது என்று சொல்ல வழியில்லை.

அதிகமாகச் சாப்பிட்டுப் பருமனாகும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கு மீறி உயரமாக இருப்பார்கள். கூடுதல் ஊட்டம் எலும்பையும் சேர்த்தே வளர்க்கும். எடை ஏறி உயரம் நின்றால் சாப்பாட்டைத் தாண்டி யோசிக்க வேண்டும். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, உடலில் கார்ட்டிசால் (அட்ரினல் சுரப்பி தானே சுரக்கும் ஸ்டீராய்டு) மிகுதி, சில மரபணுக் கோளாறுகள், மருந்து. குழந்தை மருத்துவம் படிக்கும்போது முதல் ஆண்டிலேயே சொல்லித்தரும் விஷயம் இது. ஆனால் எடை மெஷின் இருக்கும் இடங்களில் பாதியில் உயரம் அளக்கும் கட்டை இருப்பதில்லை. இருந்தாலும் போன வருட உயரம் பக்கத்தில் இருப்பதில்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னபோது மீதி தெரிந்தது. முகம் வட்டமாக உப்பி, கன்னம் சிவந்திருந்தது. பிடரிக்குக் கீழே கொழுப்புத் திரட்சி. வயிறு முன்தள்ளியிருக்க, கை கால்கள் ஒல்லி. இடுப்போரம் ஊதாநிறத் தழும்புக் கோடுகள். மேலுதட்டில் பூனைமுடி. கழுத்தைச் சுற்றிக் கருமை. அப்பாயி அதை அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்திருக்கிறார். ரத்த அழுத்தம் 124/82, ஒன்பது வயதுக்கு அதிகம். தரையில் உட்கார்ந்து எழச் சொன்னேன். தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்தான். சோம்பேறித்தனம் என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கியதெல்லாம் தொடைத் தசை இளைத்துப்போனதற்குத்தான். கூடுதல் இரண்டு சுற்று ஓடவைத்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, சரி. ஆனால் ஓட முடியாத பிள்ளையை ஓடவிட்டால் எடை குறையும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறதோ.

காகிதப் பொட்டலம்

வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார் அம்மா. இளைப்புக்கு? “சளி மாத்திரை மட்டும் மாமா குடுப்பாங்க.” மாமா என்று அவர் சொன்னது மாமனாரை, பையனின் தாத்தாவை. அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொன்னேன்.

தாத்தா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே சின்ன வெள்ளை மாத்திரைகள்; ஓரம் வெட்டிய அட்டை ஒன்றில் பெயர் பாதி தெரிந்தது. பீட்டாமெத்தசோன் 0.5 மில்லிகிராம், ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு கடுமையான இளைப்புக்கு ஒரு மருத்துவர் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. அதைக் காட்டி ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். அப்புறம் சீட்டே தேவைப்படவில்லை. மார்கழிப் பனியிலும், தை மாதம் சம்பா அறுவடையில் இயந்திரம் ஓடி வைக்கோல் தூசி கிளம்பும்போதும் தினம் ஒன்று. மற்ற நாட்களில் இளைப்பு வந்தால் மட்டும் என்றுதான் ஆரம்பம். கடைசி ஒரு வருடமாக நிறுத்தினால் பையன் சோர்ந்து சுருண்டு படுக்கிறான் என்பதால் அநேகமாகத் தினமும்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே வேலை செய்தது, அதுதான் சிக்கல். காலையில் கொடுத்தால் சாயங்காலம் மூச்சு சீராகிவிடும், பசி எடுக்கும், பிள்ளை சிரிக்கும். இதைவிட நல்ல மருந்து உண்டா என்று ஒரு தாத்தா நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

அரை மில்லிகிராம் என்று கேட்கச் சின்னதாக இருக்கும். அது ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டுக்குச் சமம். இந்த அளவுள்ள ஒரு பிள்ளையின் அட்ரினல் சுரப்பி ஒரு நாளில் தானே சுரப்பதைப் போல இரு மடங்கு. பசியைக் கிளப்பும், கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் சேர்க்கும், தசையைக் கரைக்கும், எலும்பின் நீள வளர்ச்சியை நிறுத்தும், சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றும். வெளியிலிருந்து வருகிறதே என்று அட்ரினல் தன் வேலையை விட்டுவிடும். காலை 8 மணிக்கு எடுத்த கார்ட்டிசால் 1 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. 100-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். தைராய்டு இயல்பு.

பம்பு (இன்ஹேலர்) வைக்கச் சொல்லி முன்பே ஒருவர் அறிவுறுத்தியிருக்கிறார். “பம்பு வச்சாப் பழகிடும்” என்று வீட்டில் ஒதுக்கிவிட்டார்கள். டெல்டா முழுக்க இந்த நம்பிக்கை உண்டு. பம்பில் உள்ளிழுக்கும் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு நாளைக்கு 200 மைக்ரோகிராம் அளவில், அதாவது 0.2 மில்லிகிராம், பெரும்பாலும் நுரையீரலிலேயே வேலையை முடித்துக்கொள்ளும். பழகிவிடும் என்று பயந்து அதை விட்டுவிட்டு, உண்மையிலேயே உடல் விடமுடியாதபடி பழகிவிடும் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் பொறுப்பு

குடும்பத்துக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் எல்லோரும் கை நீட்டிய இடத்தில் இல்லை. பரணுக்குப் போன பிஸ்கட் டப்பாவுக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் சொற்பம். ஸ்டீராய்டு கிளப்பும் பசியில் இருக்கும் பிள்ளைக்குச் சோற்றைக் குறைத்தால் அவன் அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிடுவான், சாப்பிட்டான். பெரியம்மா வீட்டுப் பழைய சோற்றுச் சட்டியைக் காலி செய்ததற்கு அடி வாங்கியிருக்கிறான். அம்மாவின் பங்கு என்று நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிள்ளை வாயில் போகும் மாத்திரையின் பெயரைக் கேட்காதது. மாமனார் கையிலிருந்து வருவதைக் கேள்வி கேட்கும் இடம் அந்த வீட்டில் அவருக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

தாத்தாவின் பங்கு பெரிது. அவரிடம் அதை நேராகவே சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். ஆனால் என் கணக்கில் முதல் பொறுப்பு அந்தக் கவுண்ட்டருக்குத்தான். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்தை, ஐந்து நாள் சீட்டுக்கு இரண்டு வருடம் வெட்டிக் கொடுத்தவருக்கு அது என்ன மருந்து என்று தெரியும். தெரியாமல் செய்தவரையும் தெரிந்து செய்தவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையின் எடையை வைத்துப் பெற்றோரை எடைபோடுவது நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2011இல், உயிருக்கு ஆபத்தான அளவு பருமனாக உள்ள குழந்தைகளை, வேறு வழி இல்லாதபோது, பெற்றோரிடமிருந்து அரசு எடுத்து வளர்க்கலாமா என்று ஒரு கட்டுரை மருத்துவ இதழொன்றில் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் லுட்விக். பெரிய சர்ச்சை ஆனது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. வீடு முழுதாகக் கைவிட்ட பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எடையில் வளர்ப்பின் பங்கு நாம் நினைக்கும் அளவு இல்லை. 1986இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழு டென்மார்க்கில் தத்துக்கொடுக்கப்பட்ட 540 பேரை வளர்ந்த பிறகு ஆராய்ந்தது. அவர்களுடைய பருமன் பெற்றவர்களின் பருமனோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. நம் ஊரில் கோர்ட் வரை போவதில்லை. ஊர்வாய் போதும், அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் குழு இவனைப் பார்த்திருக்கும், சந்தேகம் வந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்ப அவர்களுக்கு வழி இருக்கிறது. தனியார் பள்ளி கார்டு வீட்டோடு முடிந்துபோகிறது.

அம்மாவுக்கு முழு விடுதலையும் கொடுக்கவில்லை. பள்ளி வேன் இறங்கும் இடத்தில் தினம் ஒரு பஃப்ஸ், பத்து ரூபாய் ஜூஸ் பாட்டில். இது ஸ்டீராய்டுக்கு முன்பிருந்தே இருக்கிறது. அப்பா ஊரில் இல்லாத குறையை அதில் நிரப்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லாமல், ஜூஸை மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

பெரியப்பா மகன்

“ஒரே உலைச் சோறுதான் ரெண்டு பேரும் சாப்பிடுறாங்க, அவன் எப்படி இருக்கான் பாருங்க” என்று அப்பாயி ஒப்பிட்ட பையனும் ஒருநாள் கூட வந்தான். 11 வயது, 140 செ.மீ., 37 கிலோ, பி.எம்.ஐ. 18.9. அட்டவணையில் இயல்பு; பள்ளி கார்டிலும் பச்சை டிக். கழுத்தைப் பார்த்தேன், அவனுக்கும் கருமை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. இடுப்புச் சுற்றளவு 75 செ.மீ., அதாவது உயரத்தில் பாதிக்கும் மேல். பாதியைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று கொள்ளலாம். அவன் வயிற்றில் இருந்தபோது அவன் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. அப்பாயிக்கும் சர்க்கரை.

2004இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் உடல்வாகு அப்படி; ஒல்லித் தோற்றத்துக்குள் கொழுப்பை ஒளித்துவைக்கும். இந்த வீட்டில் சிவப்பு மை வாங்கியவனின் நோய் மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். பச்சை டிக் வாங்கியவனைப் பற்றித்தான் எனக்கு நீண்டகாலக் கவலை.

பிறகு

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதைத் தாத்தாவிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்த அன்றே பொட்டலத்தை வாய்க்காலில் வீசப் போனவர் அவர். தஞ்சாவூரில் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் காட்டி, குறைந்த அளவு ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு (கார்ட்டிசாலின் மருந்து வடிவம்) மாற்றி, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தோம். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும் என்று தமிழில் எழுதிய அட்டை ஒன்று பள்ளிப் பையில், ஒன்று தாத்தாவின் மஞ்சள்பையில். இளைப்புக்கு ஸ்பேசர் (மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் குழாய்) வைத்துப் பம்பு. காலையும் இரவும் கொடுத்து வாய் கொப்பளிக்கவைக்கும் பொறுப்பைத் தாத்தாவிடமே கொடுத்தேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு உயரம் 131.5 செ.மீ.; ஏழரை சென்டிமீட்டர், விட்டதைப் பிடிக்கும் வேகம். எடை 35. உணவில் பெரிதாக எதையும் குறைக்காமல் ஒரு கிலோதான் இறங்கியிருக்கிறது, பி.எம்.ஐ. மட்டும் 20.2-க்கு வந்துவிட்டது. இடுப்பு 76-இலிருந்து 66. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இயல்பு. ஊதாக் கோடுகள் வெளுத்திருக்கின்றன, முழுக்கப் போகாது. அட்டவணைப்படி இன்னும் ‘அதிக எடை’தான். இனி மிச்சமிருப்பதற்கு மருந்தைக் காரணம் சொல்ல முடியாது. பஃப்ஸ் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

அம்மா பள்ளிக்கு ஒரு கடிதம் கேட்டார். இரண்டு விஷயம் மட்டும் எழுதினேன். இவன் மருந்தின் பக்கவிளைவால் எடை கூடியவன், காய்ச்சல் வந்தால் உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள் என்பது ஒன்று. கார்டில் முந்தைய ஆண்டின் உயரத்துக்கும் எடைக்கும் ஒரு கட்டம் போடுங்கள் என்பது இன்னொன்று. முதலாவதைச் செய்கிறார்கள்.

தை அறுவடை தொடங்கும் முன் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன்; பம்பின் அளவைக் கூட்ட வேண்டுமா என்று அப்போது பார்க்க வேண்டும். பெரியப்பா மகனையும் கூட்டிவந்தால் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துவிடலாம் என்றேன். அவன் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஒல்லிப் பிள்ளைக்கு எதற்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார்.